சுவிட்ச்சையே மாத்தணுமா, கார்டை மாத்தினா போதுமா?

வயல் வாய்க்காலை எவ்வளவு அகலமா வெட்டினாலும், தலைப்பு மதகு விடுற தண்ணிதான் கடைமடைக்கு வந்து சேரும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆபீஸ் நெட்வொர்க் என்று வந்துவிட்டால் இதே கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. புதுக் கட்டடத்தில் எல்லாம் புதுசாக வாங்கிவிடலாம். பழைய காலேஜ், ஆஸ்பத்திரி சர்வர் அறைகளில்தான் சிக்கல். அங்கே இருக்கும் மாடுலர் சுவிட்ச்சில் மூன்று பாகங்கள்: சேசிஸ் எனும் கூடு, மூளையாக இயங்கும் சூப்பர்வைசர், கேபிள்களைச் செருகும் லைன் கார்டு. இதில் எதை மாற்றுவது?

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 4500 வரிசையைப் பாருங்கள். அதன் பழைய லைன் கார்டுக்கு ஒரு ஸ்லாட்டில் கிடைப்பது நொடிக்கு 6 ஜிகாபிட். கார்டில் 1 ஜிகாபிட் போர்ட்கள் 48 இருந்தால், 8 பேர் கேட்பதை 1 வழியில் அனுப்ப வேண்டும். நம்ம ஊர் முறைப்பாசனம் மாதிரிதான். மெயில், பில்லிங் என்று போகும் கம்ப்யூட்டர்களுக்கு அது போதும். வைஃபை கருவிகளும் சர்வர்களும் அதே கார்டில் இருந்தால் திணறும்.

'சரி, சூப்பர்வைசரை மாத்திடுவோம்' என்றால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. 4507ஆர்-இ கூடு ஸ்லாட்டுக்கு 24 ஜிகாபிட் வரைதான் தாங்கும். 4507ஆர்+இ என்றால் 48. வித்தியாசம் ஒரே ஒரு கூட்டல் குறி! பெயர்ப்பலகையைப் படிக்காமல் ஆர்டர் போட்டால் காசு தண்டம். பழைய கார்டு அப்படியே இருந்தால், மூளை புதுசானாலும் அதற்கு அதே 6 தான்.

இதைவிடப் பெரிய கேள்வி, ஆயுள். 4500-இ வரிசையின் விற்பனை 2020-ல் நின்றது. 2025 அக்டோபரோடு நிறுவனத்தின் ஆதரவும் முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைக்கு இனி அடைப்பு வராது. செகண்ட் ஹேண்டில் சூப்பர்வைசர் மலிவாகக் கிடைக்கலாம். ஆனாலும் நோயாளிகளின் விவரம் ஓடும் இடத்தில் அதில் பணம் போடுவது வீண். 2017-ல் வந்த 9400 வரிசைக் கூடு கையில் இருந்தால் கதை வேறு. அதன் முதல் சூப்பர்வைசர் ஸ்லாட்டுக்கு 80 ஜிகாபிட் தருகிறது. கூடு 480 வரை தாங்கும். அங்கே மூளையை மட்டும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

கரன்ட்டையும் கணக்கில் எடுங்க. ஒரு போர்ட்டுக்கு 30 வாட் என்றால் 48 போர்ட்டுக்கு 1,440 வாட். யுபிஎஸ் தாங்குமா? கேமரா, வைஃபை, ஐபி போன் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.

கொட்டேஷன் கேட்பதற்கு முன், காலை 11 மணி நெரிசலில் எந்த இணைப்பு நிரம்புகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மாற்றும் வேலையை காலேஜ் பொங்கல் லீவில் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு ஏது லீவு? அங்கே சூப்பர்வைசர் இரண்டாக இருக்கட்டும்.