உங்களுக்குத் தெரியுமா? மொன்றியல் புகையிறைச்சி

★ மொன்றியல் நகரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிற வீதி சென் லோரன். அதில் 3895ஆம் இலக்கத்தில் இருக்கிறது ஷ்வார்ட்ஸ் உணவகம். ருமேனியாவிலிருந்து வந்த யூதரான ரூபன் ஷ்வார்ட்ஸ் 1928இல் அதைத் தொடங்கினார். மாட்டின் நெஞ்சுப் பகுதியை, அதாவது பிரிஸ்கட்டை, உப்பிலும் வாசனைச் சரக்குகளிலும் பத்து நாள் ஊறவிட்டு, புகையூட்டி, பிறகு ஆவியில் அவிக்கிறார்கள். சுடச்சுடக் கத்தியால் சீவி, ரை பாண் துண்டுகளுக்கு நடுவே மஞ்சள் கடுகுக் கூழுடன் அடுக்கித் தருகிறார்கள். இதை வீட்டில் செய்துபார்க்க விரும்பும் புதியவர்கள் முதலில் நல்ல அடுப்பைத்தான் தேடுகிறார்கள். ஆனால் இந்த இறைச்சியின் பாதி வேலை, நெருப்பு மூட்டுவதற்கு முன்பே குளிர்சாதனப் பெட்டிக்குள் முடிந்துவிடுகிறது.

★ மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. அதனால் அதன் உடல் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை நெஞ்சுத் தசைகளே தாங்குகின்றன. நாள் முழுதும் சுமை தாங்கும் தசையில் கொலாஜன் என்ற இணைப்புநார் நிறைந்திருக்கும். வேகமாக வாட்டினால் அது இறுகி, மெல்லவே முடியாதபடி ஆகிவிடும். இறைச்சியின் உட்சூடு 70 பாகை செல்சியஸைத் தாண்டி மணிக்கணக்கில் நீடித்தால், அதே நார் ஜெலட்டினாக உருகி இறைச்சியை மிருதுவாக்குகிறது. பிரிஸ்கட்டுக்குப் பொறுமை தேவைப்படுவதன் முழுக் காரணமும் இதுதான்.

★ இந்தத் துண்டு யூதர் சமையலுக்குள் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவர்களுடைய கோஷர் விதிப்படி மாட்டின் பின்பாதியிலுள்ள தொடை நரம்பை நீக்கியாக வேண்டும். அது மிகக் கடினமான வேலை என்பதால் பல கசாப்புக்காரர்கள் முன்பாதியை மட்டுமே விற்றார்கள். அந்த முன்பாதியிலும் நெஞ்சு மலிவாகக் கிடைத்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கையில் காசில்லாமல் வந்திறங்கிய குடும்பங்கள் வாங்கக்கூடிய இறைச்சியாக அது இருந்தது.

★ மொன்றியலில் இதை முதலில் விற்றவர் யார் என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. 1884இல் ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து வந்த ஆரன் சான்ஃப்ட் என்ற கசாப்புக்காரரைச் சிலர் சொல்கிறார்கள். 1908இல் தொடங்கிய பென்ஸ் உணவகத்தின் லித்துவேனியரான பென் கிராவிட்ஸைச் சிலர் சொல்கிறார்கள். பென்ஸ் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. பிறகு அந்தக் கட்டடமும் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நகரத்துக்குச் சோறு போட்ட இடம் அப்படிப் போனது பெரிய இழப்பு.

★ மசாலாவில் என்ன இருக்கிறது? கொத்தமல்லி விதை, மிளகு, உள்ளி, கடுகு. இரகசியக் கலவை என்று ஒவ்வொரு கடையும் சொல்லிக்கொண்டாலும் அடிப்படை இவைதான். பஸ்ட்ராமி என்ற நியூயோர்க் புகையிறைச்சியோடு ஒப்பிட்டால் இதில் சீனி குறைவு. பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஜோன் தலோன் வீதியின் தெற்காசியக் கடைகளில் இவை எல்லாம் முழுதாகவே கிடைக்கும். வறுத்து, ஒன்றிரண்டாக இடித்துச் சேருங்கள். மாவாக அரைத்தால் இறைச்சியின் மேல் சேறுபோல ஒட்டிக்கொள்ளும், வாசனையும் சீக்கிரம் மங்கிவிடும். வட அமெரிக்கக் கடைகளில் ‘மொன்றியல் ஸ்டேக் மசாலா’ என்று விற்பதும் இந்தக் கலவையின் பிள்ளைதான். ஷ்வார்ட்ஸில் ஸ்டேக் வாட்டிய ஓர் ஊழியர், ஊறல் மசாலாவைத் தம் ஸ்டேக்கின்மேல் தூவிப் பார்த்ததில் அது பிறந்ததாகச் சொல்வார்கள்.

★ நன்றாக வெந்த பிறகும் இந்த இறைச்சி உள்வரை செந்நிறமாக இருக்கும். இறைச்சியைப் பதப்படுத்தும் உப்பிலுள்ள சோடியம் நைட்ரைட், தசையின் மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருகிறது. பொட்டுலினம் என்ற கொடிய கிருமி வளராமல் தடுப்பதும் அதுவே. கடைகளில் கிடைக்கும் பதப்படுத்தும் உப்பில் பொதுவாக 6.25 வீதம் நைட்ரைட் கலந்திருக்கும். ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம் போதும். கூடுதலானால் அது நஞ்சு. சமையலுப்போடு மாறிப்போகக் கூடாது என்பதற்காகவே அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். கைப்பக்குவம் என்று நம் அம்மாக்கள் கண்ணளவில் போடுவார்களே, அந்தப் பழக்கத்தை இந்த ஓர் இடத்தில் மட்டும் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். பொதியில் எழுதியிருக்கும் அளவைப் படித்து, கிராம் தராசில் நிறுத்துப் போடுங்கள். சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

★ ஊறி முடிந்த இறைச்சியை நேரே புகைக்கு ஏற்றினால் உப்புக் கரிக்கும். சில மணி நேரம் தண்ணீரில் போட்டு, இடையிடையே தண்ணீரை மாற்ற வேண்டும்.

★ புகை மணம் நமக்கு அந்நியமில்லை. சம்பலில் இடித்துப் போடும் மாலைதீவு மாசியும் மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்ததுதான்.

★ கியூபெக்கில் இருப்பவர்களுக்கு விறகுக்குக் குறையில்லை. மேப்பிள் மரம் மென்மையான, இனிய புகை தரும். பைன், ஸ்புரூஸ் போன்ற பிசின் மரங்களைத் தொடவே வேண்டாம், இறைச்சி கசந்துபோகும். அடர்ந்த வெண்புகை எழுந்தால் நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற மெல்லிய நீலப் புகையே நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் நுண்துகள் மாசு கூடுவதால், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளியிடும் விறகுக் கணப்புகளை 2018 ஒக்ரோபர் 1 முதல் மொன்றியல் மாநகரம் தடைசெய்திருக்கிறது. அந்த விதி வீட்டுக் கணப்புகளைக் குறிவைத்தது. ஆனாலும் பல்கனியிலோ கொல்லையிலோ புகைப்பெட்டி வைக்குமுன் உங்கள் வட்டார விதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள். மேல்மாடிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது.

★ புதியவர்களைக் கலங்கடிக்கும் கட்டம் ஒன்று உண்டு. புகைப்பெட்டி 110 பாகையில் சீராக எரியும், இறைச்சியின் உட்சூடு ஏறிக்கொண்டே வரும். 65 முதல் 75 பாகைக்குள் எங்கோ திடீரென்று நின்றுவிடும். மணிக்கணக்கில் அசையாது. அடுப்பு பழுதோ, தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று பதறி நெருப்பைக் கூட்டுவார்கள். இறைச்சி வறண்டுபோவது அப்போதுதான். கிரெக் புளொண்டர் என்ற இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். கொழுப்புக் கட்டியைச் சூடாக்கினார், வெப்பம் தடையின்றி ஏறியது. ஈரமான ஸ்பொஞ்சைச் சூடாக்கினார், அது பிரிஸ்கட்டைப் போலவே நடுவழியில் நின்றது. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர், அடுப்பு கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும் இதே முறையில்தான். ஈரம் குறைந்ததும் வெப்பம் தானாக ஏறும். காத்திருக்க நேரமில்லையென்றால் தாளிலோ அலுமினியத் தகட்டிலோ இறுகச் சுற்றிவிடலாம்.

★ டெக்சாஸ் முறையில் உப்பும் மிளகும் தடவி, 95 பாகை வரை புகையிலேயே வேகவைப்பார்கள். அதற்கு இராத்திரி முழுக்க நெருப்பைக் காக்க வேண்டும். மொன்றியல் முறை புதியவர்களுக்குக் கருணை காட்டுகிறது. புகை போதுமான அளவு ஏறியதும் இறக்கி, மீதி வேக்காட்டை ஆவியிடம் விட்டுவிடலாம். நம் வீடுகளிலுள்ள பெரிய இட்லிப் பானையோ இடியப்பம் அவிக்கும் பாத்திரமோ அதற்குத் தாராளமாகப் போதும். சில மணி நேரம் மிதமான ஆவியில் வைத்து, முள்ளுக்கரண்டி தடையில்லாமல் இறங்கும்போது எடுங்கள்.

★ பிரிஸ்கட் இரண்டு தசைகளாலானது, அவற்றின் நார்கள் வெவ்வேறு திசையில் ஓடுகின்றன. நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் மிருதுவாக இருக்கும். ஆகவே ஒன்று முடிந்து மற்றது தொடங்கும்போது கத்தியின் திசையையும் திருப்ப வேண்டும். கொழுப்பு குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று கடைகளில் கேட்பார்கள். நடுத்தரத்தைச் சொல்லுங்கள். கொழுப்பே இல்லாத துண்டில் இந்த இறைச்சியின் சுவையைத் தேடிப் பயனில்லை.

★ மாட்டிறைச்சி சேர்க்காத வீடுகளில் இதே மசாலாவை வான்கோழி நெஞ்சில் தடவிப் புகையூட்டலாம். அதில் நார் குறைவு. உட்சூடு 74 பாகை ஆனதும் இறக்கிவிடுங்கள், ஆவி தேவையில்லை.

★ பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் உண்ணத்தக்க உணவல்ல இது. விசேட நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

★ புகைப்பெட்டியை நண்பரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். கிராம் தராசையும் இறைச்சித் தெர்மாமீட்டரையும் மட்டும் முதல் பிரிஸ்கட் வாங்குமுன் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.