ஏரிக்கரை ஊர்கள் - 9: அடையாற்றின் தலைமாடு

போன வாரம் மாடம்பாக்கம் ஏரியோடு நிறுத்தியிருந்தோம். அந்தப் பக்கத்து மழை செம்பாக்கம், நன்மங்கலம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும். தாம்பரம் ரயில் நிலையத்தைத் தாண்டி மேற்கே வந்தால் பெரும்பாலும் அடையாற்றுத் தண்ணீர்தான். ஆதனூர் ஏரிப் பக்கம் கிளம்பி மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் திருநீர்மலைக்குப் போகிறது ஆறு. கண்ணுக்கு எல்லாம் தட்டை நிலம். சரிவு எந்தப் பக்கம் என்பது மழைக்குத்தான் தெரியும்.

என் பெரியம்மா இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கு வருஷங்கள் எண்ணில் நினைவிருக்காது. "ஏரி ரெண்டு தடவ கோடி போன வருஷம் பெரியவன் பொறந்தான், நவரை கருகின வருஷம் சின்னவ" என்பார். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் ஏரியை நம்பித்தான். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அந்தக் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்டது, கழனி மதகுக்குப் பக்கமா, கடைமடையா என்றுதானாம்.

மதகைத் திறந்து மூட ஊருக்கு ஊர் கம்புகட்டி இருந்தார். களத்தில் நெல்லை அளந்து பங்கு பிரிக்கும் முன்பே அவருக்கு, தச்சருக்கு, கோயிலுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். செங்கல்பட்டுச் சீமை 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை பர்னார்ட் என்ற பொறியாளர் அதை ஊர் ஊராக அளந்தபோது இந்த ஒதுக்கீடுகளையும் எழுதி வாங்கினார். வரி போட வந்தவர்களின் கணக்குதான். ஆனால் இன்று நமக்கு ஊர் வரலாறு அதில்தான் கிடைக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அடடா, என்ன ஒற்றுமை என்று உருகிவிட வேண்டாம். நிலம் மிராசுதாரர் கையில். சேற்றில் இறங்கியவர்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் இந்தச் சீமையின் பறையர் மக்கள் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் மறு வருஷம் பஞ்சமி நில ஆணைக்கு வழி வைத்தது. ஏரிக்கரைக் குடும்பக் கதைகளை மிராசு வீட்டுத் திண்ணையில் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறித்துவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு கழனிகள் மனைகளான கதை எல்லோரும் அறிந்ததே.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்தான் என்று இன்றும் டீக்கடையில் சாதிப்பவர்கள் உண்டு. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே. கீழ்நகரத்துக்கு அந்த வாதம் பொருந்தலாம். முடிச்சூரை முக்கியமாக மூழ்கடித்தது மேலே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போய் இறங்கிய வெள்ளம். ஏரிக்கு ஏரி தண்ணீர் போன வாய்க்கால்கள் பல இடங்களில் தெருவாகிவிட்டன. தண்ணீர் தெரு வழியாகவே போனது.

இங்கே மனை வாங்கியவர்கள் ஒரு வேலை செய்யலாம். பெட்டியில் இருக்கும் மூலப் பத்திரத்தை எடுத்து நான்கெல்லையைப் படியுங்கள். 'நஞ்சை' என்றோ, எல்லையாக 'ஏரி வாய்க்கால்' என்றோ இருந்தால், அந்த வாய்க்கால் இப்போது எங்கே என்று தெருவில் இறங்கித் தேடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் கேட்டால் வேலை இன்னும் சுலபம்.

அடுத்த வாரம் திருநீர்மலை. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தாராம்.

(தொடரும்)