இரணியனின் வீழ்ச்சி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடக மரபுக்கு அடித்தளமிட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் எழுதிய ‘பிரகலாதன்’ நாடகத்தின் இரணியன், பேராசையால் அழியும் தலைவனுக்குச் சிறந்த சான்று.

அவன் சாதாரண வில்லன் அல்லன். கடுந்தவம் செய்தவன், மகனை நேசித்தவன். மனிதனாலோ விலங்காலோ, பகலிலோ இரவிலோ, வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ சாவு வரக்கூடாது என்று வரம் பெற்றான். சாகாமல் வாழும் ஆசை, தானே கடவுளாகும் வெறியாக வளர்ந்தது. பணிய மறுத்த மகனையே கொல்லத் துணிந்தான். கடைசியில் அந்தி வேளையில், வாசற்படியில், நரசிம்மத்தின் கையில் மாண்டான்.

ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தும் இவ்வாறே தன்னை யாராலும் கொல்ல முடியாது என்று நம்பி விழுந்தவன். உயரும் விருப்பம் குற்றமன்று. எல்லை மறந்த விருப்பமே அழிக்கிறது.