நுனியில்லா ஆர்.என்.ஏ.

மயிலாப்பூர் மாட வீதியில் முழம் போட்டுத் தரும் மல்லிச் சரத்தின் நுனி முடிச்சு அவிழ்ந்தால் பூ ஒவ்வொன்றாக உதிரும். இரு நுனியையும் சேர்த்துக் கட்டிய மாலைக்கு அந்தப் பயமில்லை. செல்லுக்குள் இருக்கும் வட்ட ஆர்.என்.ஏ.வும் அப்படித்தான். நுனியிலிருந்து அரிக்கும் நொதிகளுக்குப் பிடி கிடைக்காததால் நெடுநேரம் நிலைக்கிறது. செல் தவறிச் செய்த கழிவு என்றே பல காலம் இதை ஒதுக்கினார்கள். அது தவறு என்பேன். மூலக்கூறின் வடிவத்தில்தான் அதன் வேலை இருக்கிறது, 1954இல் அறிவியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை முன்வைத்த சென்னைக்கு இது புதிதல்ல.

2019இல் சீன ஆய்வாளர்கள் காட்டியது இது: சில வட்ட ஆர்.என்.ஏ.க்கள் பி.கே.ஆர். என்ற காவல் புரதத்தைப் பிடித்து அடக்கி வைக்கின்றன. வைரஸ் நுழைந்ததும் செல்லே அந்த வட்டங்களை வெட்டிப்போட, காவல் விழித்துக்கொள்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளின் ரத்தச் செல்களில் இந்த வட்டங்கள் குறைவு; பி.கே.ஆர். அளவு மீறி இயங்குகிறது. குறைவு என்பது நோயின் விளைவாக இருக்கலாமே, காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆனால் நோயாளிகளின் செல்களில் அத்தகைய வட்டத்தைக் கூட்டியபோது பி.கே.ஆர். தணிந்தது. வெறும் சாட்சியாக நிற்கும் வட்டத்தால் அதைத் தணிக்க முடியாது. இது ஆய்வகச் செல்களில் கண்டதுதான், மருந்து அல்ல. லூபஸுக்குச் சிகிச்சை பெறுவோர் இதை நம்பி இப்போதைய மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டாம்.