கரண்ட் போனால் யார் சொல்வது?

யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் கரண்ட் போகும் நேரத்துக்காகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை கைவிட்டுவிட்டால் அதைச் சொல்ல யாரும் இல்லை. ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்திக் கத்தி ஓய்ந்துவிடும். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால், பல வருஷம் சேர்த்த மாதிரிகள் உருகிக் கிடக்கும்.

இதற்கு ஒரு ஜிஎஸ்எம் மோடமும் ஒரு சிம் கார்டும் போதும். எங்கள் ஆய்வகத்தில் நான் அமைத்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

மெயில் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். கரண்ட் போனால் ரவுட்டரும் ஸ்விட்ச்சும் சேர்ந்தே படுத்துவிடும். செல்போன் டவருக்குத் தனியாக பேட்டரி உண்டு. அதனால்தான் எஸ்எம்எஸ்.

முதலில் மோடத்துக்கு மின்சாரம். சுவர் பிளக்கில் செருகினால் கரண்ட்டோடு அதுவும் போய்விடும். யுபிஎஸ்ஸை நம்பாமல், தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி கொடுங்கள். சிம்800 போன்ற மோடம்கள் செய்தி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயர் மெலிசாக இருந்தால் சரியாக அந்த நேரம் பார்த்து ரீசெட் ஆகும். இன்னொன்று, சிம்800 வெறும் 2ஜி. ஜியோவில் 2ஜி கிடையாது. சிம் வாங்கும்போதே இதைப் பாருங்கள், 4ஜி மோடமாக இருந்தால் நல்லது. சிம்மின் பின் லாக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பூட்டிக்கொண்டு நிற்கும். மோடத்திடம் சிக்னல் அளவு கேட்டால் 0 முதல் 31 வரை ஒரு எண் தரும். 10-க்குக் கீழே இருந்தால் ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். 99 என்றால் அளக்க முடியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, மோடத்துக்கு எப்படித் தெரியும்? மெயின்ஸில் 230 வோல்ட் ரிலே ஒன்றைப் போட வேண்டும் (எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்). கரண்ட் இருக்கும்வரை கான்டாக்ட் மூடியிருக்கும், போனால் திறக்கும். திறந்தால் அலாரம் என்று வைத்துக்கொண்டால், எலி வயரைக் கடித்தாலும் செய்தி வரும். தலைகீழாக வைத்தால் அறுந்த வயர் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இது பழைய ரயில்வே பாடம். 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற மூடிய தண்டவாளச் சுற்றும் இதே கணக்குதான்: சுற்று எங்கே அறுந்தாலும் சிக்னல் சிவப்பு.

கரண்ட் இருந்தும் கம்ப்ரசர் நின்றுபோகலாம். ஆகவே ஃப்ரீசரின் பின்பக்கம் உள்ள ரிமோட் அலாரம் கான்டாக்ட்டையும் இணைத்துவிடுங்கள்.

செய்தியைச் சின்னதாக வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். என்ன ஆச்சு, எந்த அறை, பேட்டரி எத்தனை வோல்ட், அவ்வளவுதான். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. கரண்ட் போய் இரண்டு நிமிஷம் கழித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்சிமிட்டலுக்கும் செய்தி வந்தால், ஒரு வாரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை மிச்சம். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மும், செத்துப்போன மோடமும், பிரச்சினையே இல்லாத ஃப்ரீசரும் ஒரே மாதிரிதான் இருக்கும்: செய்தி வராது. அதனால் தினமும் காலை 8 மணிக்கு, ஒன்றும் நடக்காவிட்டாலும், 'நான் இருக்கிறேன்' என்று ஒரு எஸ்எம்எஸ் வரவேண்டும். அது வராத நாள்தான் அலாரம். வராததை மனிதர்கள் கவனிக்கமாட்டார்கள் என்பதால், வேறு கட்டிடத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கட்டும். எட்டரைக்குள் வராவிட்டால் இரண்டு பேருக்குத் தகவல் போகட்டும்.

மாதம் ஒருமுறை சோதனை செய்யுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பட்டன் வேலை செய்கிறது என்று மட்டும்தான் தெரியும். மெயின்ஸ் பிரேக்கரையே இறக்கிவிட்டு, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.