இழுக்கும் ட்ரக் சுமக்குமா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறை வந்தால் நெடுஞ்சாலைகளில் பிக்கப் ட்ரக்குகளின் பின்னால் பெரிய முகாம் ட்ரெய்லர்கள் ஊர்ந்து போகும். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள, சக்கரம் பூட்டிய வீடுகள் அவை. வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இந்த ட்ரக் எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். 5,000 கிலோ என்று பதில் வருகிறது. ட்ரெய்லரோ பொருட்களோடு 3,800 கிலோ. பிறகென்ன யோசனை?

யோசிக்க வேண்டிய இடமே அதுதான். இழுப்பது வேறு, சுமப்பது வேறு.

ட்ரெய்லரின் முழு எடையும் அதன் சக்கரங்களில் நிற்பதில்லை. பின்கொக்கியில் பூட்டும் வகையில் 10 முதல் 15 வீதம் ட்ரக்கை அழுத்துகிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் மஞ்சள் நிறம் கொண்ட ஓர் ஒட்டுத்தாள் தெரியும். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக்கூடாது என்பது அதிலுண்டு. ஒரே மொடல் ட்ரக்குகளிலும் இந்த எண் வேறுபடும். சொகுசு வசதிகள் கூடக்கூட அது குறையும். விளம்பரத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

அதில் 700 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3,800 கிலோவில் 13 வீதம் 494 கிலோ. கொக்கிச் சாதனம் 45. சாரதியோடு நால்வர் கொண்ட குடும்பம் 270. மொத்தம் 809 கிலோ. விறகும் குளிர்பெட்டியும் இன்னும் ஏறவில்லை! இழுவை எல்லைக்குள் 1,200 கிலோ மிச்சம் இருந்தும் ட்ரக் சுமை மீறிவிட்டது.

மீறினால் பின்புறம் தாழும், டயர் சூடேறும், முன்சக்கரங்களில் பாரம் குறைந்து ஸ்டியரிங்கின் பிடி தளரும். சிலர் சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இது அதைவிட ஆபத்து. கொக்கியில் பாரம் 10 வீதத்துக்குக் கீழே போனால், வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கி ட்ரக்கையும் இழுத்துச் சரித்துவிடலாம். எடையைப் பகிரும் கொக்கி முன்சக்கரங்களுக்குக் கொஞ்சம் பாரத்தைத் திருப்பித் தரும். ஆனால் ட்ரக்கின் அனுமதிக்கப்பட்ட எல்லையை அது உயர்த்தாது.

விற்பனைத் தாளிலுள்ள 'வெற்று எடை'யையும் நம்ப வேண்டாம். அதில் தண்ணீரும் இல்லை, சட்டி பானையும் இல்லை. 150 லீற்றர் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ கூடும். பயணத்துக்கு ஏற்றிய நிலையில், குடும்பத்தோடு, பார ஊர்திகள் நிறுக்கும் எடைத் தராசில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பதே சரியான வழி.