ஏரிக்குள் இருக்கும் வீடு: நகரத்தை மறுவாசிப்பது குறித்துச் சில குறிப்புகள்

லேக்வியூ ரோடு என்று என் வாழ்நாளில் பல ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆட்டோக்காரரிடம், வழி கேட்பவர்களிடம், மேற்கு மாம்பலத்துக்குக் காய்கறி வாங்கப் போகும்போது வீட்டில். அந்தப் பெயருக்குள் ஒரு 'லேக்' இருப்பது 2021 நவம்பர்வரை என் காதில் விழுந்ததே இல்லை. இங்கிலீஷ் தெரியாததால் அல்ல. பெயர் அவ்வளவு பழகிப்போயிருந்தது. பழக்கம் பொருள்களைத் தின்றுவிடுகிறது, கலையின் வேலை அவற்றைத் திரும்ப அந்நியமாக்கிக் காட்டுவது என்று ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் எழுதினார். என் விஷயத்தில் அந்த வேலையைச் செய்தது கலை அல்ல, சாக்கடை கலந்த மழைத்தண்ணீர்.

அந்த நவம்பர் இரவில் தி.நகரில் எங்கள் தெருவே மூழ்கியது. கட்டிலிலிருந்து காலை இறக்கினால் ஜில்லென்றது. புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் போயிற்று. சிறுபத்திரிகைத் தொகுப்புகள், பல ஆண்டுகள் சேர்த்தவை, அப்பளம்போல உப்பிக் கிடந்தன. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து "தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு" என்று புலம்பினேன். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். இதில் வினை செய்வது தண்ணீர்; அத்துமீறுவதும் அதுதான். வீடு எப்போதும் அங்கேயே இருந்தது, யாருக்கும் எதுவும் செய்யாதது. இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது?

வீடு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் நண்பர் ஒருவர் பழைய சென்னை வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்து காட்டினார். மேற்கு எல்லையில் வளைந்து நீண்ட ஒரு நீலம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை கிடக்கிறது. இங்கிலீஷ்காரன் 'லாங் டேங்க்' என்றான். வடக்குப் பகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி. 1920களில் இந்தத் தெற்கு ஏரியை வடிய விட்டு மனைகள் போட்டார்கள். அதுதான் தி.நகர். நுங்கம்பாக்கம் ஏரி பிற்பாடு தூர்ந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்த நிலத்தில்தான் நிற்கிறது. விரலை வைத்துத் தேடினால் என் வீடு நீலத்தின் நடுவில் இருந்தது. கரையில்கூட இல்லை.

ஏரியை அழித்துவிட்டு மேலே என்ன எழுதினார்கள் என்பது சுவாரஸ்யமானது. தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான், நடேசன், ஜி.என். செட்டி. பிராமணரல்லாதார் அரசியலின் முதல் தலைமுறை, நீதிக்கட்சியின் வருகைப் பதிவேடு மாதிரி, தெருவாகவும் பூங்காவாகவும் இங்கே கிடக்கிறது. 1916இல் தொடங்கிய ஓர் இயக்கம் ஆட்சிக்கு வந்து, தனக்கென ஒரு நகரத்துண்டை எழுதிக்கொண்டது. பிறகு எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை எடுத்தபோது ஜி.என். செட்டி ரோடு வெறும் ஜி.என். ரோடு ஆயிற்று. ஜனங்கள் இன்னும் செட்டி ரோடு என்றுதான் சொல்கிறார்கள். பாண்டி பஜாருக்குப் பெயர் தந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். ஆனால் பாண்டிச்சேரிக்காரர்கள் கடை போட்ட இடம் என்று எனக்கு அடித்துச் சொன்னவர்கள் உண்டு. தியாகராயரே 'டீ' ஆகிவிட்டார். ஒரு பிரதியின் மேல் இன்னொரு பிரதி, அதன் மேல் மூன்றாவது கை வந்து அடித்தது திருத்தியது என்று படிய, எல்லாவற்றுக்கும் அடியில் ஈரம்.

பெயர்கள் இப்படித் தேய்வதைப் பற்றி மிஷெல் தெ செர்த்தோ எழுதியிருக்கிறார். 1980இல் பிரெஞ்சில் வந்த அன்றாட வாழ்வு பற்றிய நூலில், நகரத்தில் நடப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து உச்சி மாடியிலிருந்து அது தொடங்குகிறது (அந்தக் கோபுரம் 2001க்குப் பிறகு இல்லை). மேலிருந்து பார்ப்பவனுக்கு நகரம் வாசிக்கத்தக்க பிரதியாகிவிடுகிறது. திட்டம் போடுபவன், வரைபடம் வரைபவன், நிர்வாகி எல்லாம் அந்த மாடிக்காரர்கள். கீழே நடப்பவர்களோ தாம் வாசிக்க முடியாத ஒரு பிரதியைக் காலால் எழுதிக்கொண்டே போகிறார்கள். மொழி என்ற அமைப்புக்குப் பேச்சு எப்படியோ, நகர அமைப்புக்கு நடை அப்படி. குறுக்குச்சந்தில் நுழைவது, நேர்வழியை விட்டுச் சுற்றிப் போவது எல்லாமே ஒருவகை அணி இலக்கணம்.

நல்ல யோசனைதான். ஆனால் ரங்கநாதன் தெருவில் ஒருநாள் சாயங்காலம் நின்றிருந்தால் தெ செர்த்தோ கொஞ்சம் திருத்தி எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது. அங்கே யாரும் நடப்பதில்லை. கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகிறது. தவிர, காரணமில்லாமல் தெருவில் அலைவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு மதகைப் பார்த்தபடி அரைமணி நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பெண் நிற்கட்டும் பார்க்கலாம்.

நான் அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மாம்பலம் கால்வாயைப் பிடித்துக்கொண்டு. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து ஜி.என். ரோடு, வெங்கட்நாராயணா ரோடு எல்லாம் கடந்து நந்தனம் அருகே அடையாற்றில் விழும் அதை, இவ்வளவு காலம் நாற்றமாக மட்டுமே அறிந்திருந்தேன். வீடுகள் எல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. சமையலறை ஜன்னல், கக்கூஸ் குழாய், ஏ.சி. பெட்டி. பைக்கில் போகையில் லேசாகத் தூக்கிப் போடுகிற மேடு, பாலம் என்று அப்போதுதான் தெரிந்தது. சாலையின் சரிவு காலுக்குப் பிடிபடத் தொடங்கியது. துரைசாமி சப்வேயில் ஏன் முதலில் தண்ணீர் நிற்கிறது என்று புரிந்தது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பலகைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, பேரானந்தமாக இருந்தது. பொறந்து வளர்ந்த ஊருக்கு அறுபது வயதில் வந்து இறங்கிய மாதிரி.

இந்த ஆனந்தத்தோடுதான் எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் சைதாப்பேட்டையில் ஆற்றோரம் பிறந்து, அங்கேயே மணமாகிப் பிள்ளை பெற்றவர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் தெருவையே பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி. விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்து வருகிறார்.

"பாத்தீங்களாம்மா, நாம நிக்கிற எடம் ஏரி" என்றேன்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தார். "ஆத்தோரம் இருக்கோம்னு எங்கள தூக்குனாங்க சார். நீங்க ஏரி உள்ளயே இருக்கீங்க" என்றார். கோபமோ கிண்டலோ இல்லை. அவர் பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்ற சொல்லாடல் யாரைச் சுட்டுகிறது, யாரைச் சுட்டாமல் தப்ப விடுகிறது? கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. ஏரியையே வடித்துவிட்டு அளந்து விற்றால் நகர், அதற்குப் பத்திரம், பட்டா, ஒரு தலைவரின் பெயர். ஏரியைத் தூர்த்தது ஜனங்களின் பேராசை என்று நாமெல்லாம் மழைக்கு மழை எழுதுகிறோமே, இங்கே தூர்த்தது அரசாங்கமே போட்ட திட்டம். அதிலும் வேடிக்கை, அவர்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது குற்றமென்று எடுத்து, இன்னொரு தண்ணீரின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

என் ஞாயிற்றுக்கிழமை நடையில் இவர் இல்லை. கால்வாயை ஒட்டி அத்தனை தூரம் போனேனே, அது போய்ச் சேருகிற ஆற்றின் கரையில் காலியாகக் கிடந்த மண்ணைப் பார்த்து 'நல்ல வெளி' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் எங்கோதான் அவருடைய தெரு இருந்திருக்க வேண்டும். மறுநாள் கேட்டேன். தெருவின் பெயரைச் சொன்னார். என் வரைபடங்கள் எதிலும் அது கிடைக்கவில்லை.

போன வாரம் மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. பெரும்பாக்கத்தில் தண்ணீர் நின்றால் பஸ் உள்ளே வராது என்று பாதி வேலையில் கிளம்பினார். நான் கீழ்த்தட்டுப் புத்தகங்களை எடுத்து மேலே அடுக்கத் தொடங்கினேன்.